எழுபத்தோராம் நம்பர் வீடியோ

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் செல்போனிலிருந்து தன் குரலே கேட்டதும் தையல் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணிக்கடை வேலையை விட்டுவிட்டு அவள் எடுத்து விற்கும் வீடியோ பாடம் அது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். வாங்கவில்லையாம், யாரோ அனுப்பினார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைப் பிடித்தாள். வீடியோ எடிட்டிங் ஆபீசில் வேலை பார்ப்பவன். வாட்டர்மார்க் போட்டால் எவனும் தொட மாட்டான் என்று சொல்லி, படத்தின் மூலையில் அவள் பெயரையும் போன் நம்பரையும் பொறித்தான். மறுவாரமே, ஓசியில் பார்த்தவர்கள் எல்லாம் சந்தேகம் கேட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுப்பில் பால் பொங்கும்போது ஒருத்தி, பட்டன் ஓட்டை எவ்வளவு நீளம் என்றாள்.

நம்பரை எடுத்துவிட்டுப் பெயரை நடுவில் பெரிதாகப் போட்டான். துணியில் வெட்டுவதற்குப் போட்ட சாக்பீஸ் கோடு அதற்கடியில் மறைந்துபோனது. பணம் கட்டிப் படித்த ஒருத்தி, கழுத்து வெட்டவேண்டிய சட்டையில் முதுகைத் திறந்துவிட்டாள்.

"திருடனைக் கொட்டத் தேள் கேட்டேன். நீ அதை என் மடியில விட்டுட்டியேடா" என்றாள் டீச்சர்.

அடுத்து, கண்ணுக்கே தெரியாத வாட்டர்மார்க். பணம் கட்டிய ஒவ்வொருவர் வீடியோவுக்குள்ளும் ஒரு நம்பர் ஒளிந்திருக்கும். திருட்டு காப்பியைச் சோதித்தால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். புது வீடியோ எல்லோருக்கும் போனது. நாலே நாளில் அதுவும் ஊர் சுற்றியது. தம்பி சோதித்துவிட்டுப் பதினேழு என்றான். பதினேழு, டீச்சரின் நாத்தனார். டீச்சர் போய்க் கேட்டாள், நாத்தனார் கதவைச் சாத்தினாள், வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம்தான் தம்பி தலையைச் சொறிந்தான்: நம்பரைத் திருப்பிப் படித்துவிட்டானாம், அது பதினேழு இல்லையாம், எழுபத்தொன்றாம்.

எழுபத்தொன்று, ஓய்வுபெற்ற நூலகர் அம்மா. ஒரு புத்தகம் ஒரு நாள் தாமதமானாலும் வீடு தேடிப் போனவர். அவரா திருடுவார்? டீச்சருக்கு நம்பவே முடியவில்லை. ஆனாலும் போய், அழாத குறையாகக் கேட்டாள்.

அந்த அம்மா மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு நோட்டைப் பிரித்து வரிசையாகப் பெயர்களைக் காட்டினார்.

"பன்னெண்டு பாடம், பாடத்துக்கு நாலு பேர். நாப்பத்தெட்டு பேருக்கும் ஒழுங்கா அனுப்பிட்டேன் டீச்சர். ஒவ்வொரு பாடம் முடியறப்பவும் நீங்கதானே கையெடுத்துக் கும்பிட்டு, 'புடிச்சிருந்தா நாலு பேருக்கு அனுப்புங்க'ன்னு சொல்றீங்க?"