ஒரு மாதிரி ரயில் பாதை

மனித குலம் இதுவரை கண்ட பாதுகாப்பு ஏற்பாடுகளிலேயே உன்னதமானது எங்கள் வரைபடக் காப்பகம். இரும்புப் பெட்டியை உடைக்கலாம், கோட்டையை இடிக்கலாம். எங்களிடம் ஒப்படைத்த வரைபடத்தை மட்டும் எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது. எங்களாலேயே முடியவில்லை என்னும்போது அவன் எம்மாத்திரம்? இந்த மகத்தான நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவியாளராகத் தொண்டாற்றும் பெருமை அடியேனுக்கு உண்டு.

இந்தப் பெருமைக்கு வீட்டுக்குள்ளிருந்தே சோதனை வந்தது. என் மாமனார் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் முன்னறையில் நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, விரல் அகலத் தண்டவாளம் பதித்து, ஒரு பழைய ஜங்ஷனைச் சிறு உருவில் கட்டத் தொடங்கிவிட்டார். சோபா வெளியேறியது. விருந்தாளிகள் சரக்குக் கொட்டகையை இடித்துவிடாமல் ஒருக்களித்து நடந்தார்கள்.

பொழுதுபோக்கு என்று நினைத்தால் தப்பு. இருபது ஆண்டுகளுக்கு முன், அந்த ஜங்ஷனில் ‘இல்லாத மூன்றாம் தடத்தில் எஞ்சினைக் கொண்டுபோய் நிறுத்தினார்’ என்று குற்றம் சாட்டி, அவருடைய பதவி உயர்வை நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள். இல்லாத தடத்தில் எஞ்சின் எப்படி நின்றது என்று விசாரணைக் குழு கேட்கவில்லை. அது அதன் வரம்புக்குள் வராதாம். நேரில் போய்ப் பார்க்கலாமென்றால், அதற்குள் ஜங்ஷனையே பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். குழு எங்கள் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டது. ‘அப்படி ஒரு தடம் இருந்ததற்கு ஆதாரம் ஏதுமில்லை’ என்று பதில் அனுப்பினோம். எங்கள் வரலாற்றிலேயே ஒரே நாளில் போன பதில் அது ஒன்றுதான்.

மேசையில் இரண்டு தடங்கள் தயார். மூன்றாவதற்கு இடம் மட்டும் விட்டு வைத்திருந்தார்.

“மனசுல இருக்குறத வச்சுப் போட்டா, கிழவன் கதை விடுறான்னு சொல்லிடுவாங்க மாப்ள. பழைய வரைபடத்துல ஒரே ஒரு கோடு காட்டிட்டா போதும். அப்புறம் எவன் பேசுவான்?”

சொல்லிக்கொண்டே அந்தக் காலி இடத்தைத் துண்டால் துடைத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆகவே முறைப்படி விண்ணப்பிக்கச் சொன்னேன்.

‘மாதிரி ரயில் பாதை அமைக்க, பழைய ஜங்ஷன் வரைபடத்தின் நகல் தேவை’ என்று எழுதிக் கொடுத்தார். ‘மாதிரி’ என்ற சொல்லிலேயே எங்கள் கண்காணிப்பாளர் பதினெட்டு நாள் நின்றார்.

“ரயில் பாதையா, ரயில் பாதை மாதிரியா?”

“மாதிரி ரயில் பாதை சார்.”

“அதத்தான் கேக்குறேன். எது மாதிரி?”

“நிஜ ரயில் பாதை மாதிரி.”

“நிஜம்னா ரயில்வேக்குத்தான் குடுக்கணும். மாதிரின்னா…” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆளு எப்படி? ஒரு மாதிரியா?”

“என் மாமனார் சார்.”

“அப்ப சொல்றதுக்கு ஒண்ணுமில்ல,” என்று கையெழுத்துப் போட்டார்.

பயிற்சிக்கு வருபவர்களுக்காக நாங்கள் வைத்திருக்கும் ‘மாதிரி வரைபடம்’ பதிவுத் தபாலில் போனது. அதில் ஓர் ஆறு, ஒரு குன்று, ஒரு ரயில் பாதை. மூன்றும் பூமியில் எங்குமே இல்லாதவை. மாதிரி கேட்டவருக்கு மாதிரி அனுப்பியதில் என்ன பிழை? மாமனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

கண்காணிப்பாளர் அவரை உட்கார வைத்து, உடனே ஒரு தேடுதல் குழு அமைத்தார். தலைவர் அவர், உறுப்பினர் நான். முழு மூச்சாக அரை மணி நேரம் தேடினோம். அட்டவணையில் எண் இருந்தது. அலமாரியிலும் எண் இருந்தது. எண்ணுக்கு நேரே தூசி இருந்தது.

“கிடைக்கல. ஆனா கவலையே படாதீங்க,” என்றார் கண்காணிப்பாளர். “‘கிடைக்காதவை’ பதிவேட்டுல ஏத்திடுவோம். அதுல ஏறிட்டா யாராலயும் அழிக்க முடியாது.”

எங்கள் அலுவலகத்திலேயே தடிமனான பதிவேடு அது. நான்தான் தூக்கி வந்து திறந்து வைத்தேன். மாமனார் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடாமல் பதிவேட்டை மூடி, அதன் அட்டையை உற்றுப் பார்த்தார். துணி ஒட்டிய பழைய காகிதம். தினமும் நான் கையில் எடுப்பதுதான். உள்ளே பார்த்திருக்கிறேன், வெளியே பார்த்ததில்லை.

அவர் விரல் மெல்ல நகர்ந்தது. “இது தண்ணித் தொட்டி. இது சிக்னல் அறை. ஒண்ணு… ரெண்டு…” விரல் நின்றது. “மூணு! மாப்ள, மூணு!” கண்ணீர் வழிந்தது. துடைக்கவே தோன்றவில்லை அவருக்கு.

“இதுக்கு ஒரு நகல் குடுங்க சார்.”

“அது அட்டைங்க. அட்டை ஆவணம் ஆகாது. நகல் குடுக்க விதி இல்ல.”

“சரி. இத வெட்டி அட்டை போட்ட புண்ணியவான் யாரு?”

கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. “உங்க மாப்பிள்ளைதான்! வேலைக்குச் சேந்த முதல் வாரம் போட்டாரு. ஒரு மூலை பிரிஞ்சிருக்கா பாருங்க!”

மாமனார் என்னைப் பார்த்தார். பாதை இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தியதற்கு அவருக்குத் தண்டனை கொடுத்தார்கள். பாதையையே கத்தரிக்கோலால் நறுக்கி, ஓரம் மடித்து ஒட்டியதற்கு எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். அவர் வேலை செய்யும் மேசைக்கு நேர் மேலே.