சுகிர்தா உட்கார்ந்திருந்த சீசன்

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அப்பா பாக்கியராஜ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அம்மா கிரேஸும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, எனக்கு வழக்கமான இருமல் உண்டு, இரண்டையும் சௌக்கியத்தில்தான் சேர்த்திருக்கிறேன். கட்டாக்கில் வெயில் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி. அம்மா உனக்கு நெத்திலிக் கருவாட்டுப் பொடி அனுப்புகிறாள், அந்தப் பெட்டிக்குள்தான் இந்தக் கடிதமும் வருகிறது. வாடை அடித்தால் அது பொடியின் வாடை, அப்பாவின் எழுத்து அல்ல. போனில் பேசலாமே என்று கேட்பாய். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அவளிடமிருந்து நான் திரும்ப வாங்குவதற்குள் உங்கள் மெஸ்ஸில் மணி அடித்துவிடுகிறது. இந்த ஐந்து மாதத்தில் நான் உன்னிடம் முழுசாகப் பேசியது 'சாப்டியா' என்ற ஒரு வார்த்தைதான்.

போன செவ்வாய்க்கிழமை நீ கேட்டாய், "ப்பா, கிளப்புல இன்னொரு வருஷத்துக்கு சைன் பண்ணச் சொல்றாங்க. திங்கக்கெழமைக்குள்ள சொல்லணுமாம். நீ வேணான்னா வந்துடறேன்பா." நான் எழுதுகிறேன் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். மூன்று நாள் யோசித்து இப்போது எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. ஏன் என்று நீ கேட்கமாட்டாய், கேட்கும் பழக்கம் உனக்கு இல்லை, ஆனாலும் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு அப்பா காரணமில்லாமல் கூப்பிட்டார் என்று யாரும் பேசக்கூடாது.

முதல் காரணம் அந்தப் பச்சை ஜாக்கெட். அதனால் எனக்கு நேர்ந்த அவமானத்தை அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள், மீதியை நானே சொல்கிறேன். எங்கள் இரும்பு மில்லில் ஆளை உடுப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம், அது உனக்கே தெரியும். வெள்ளை ஹெல்மெட் இன்ஜினியர், மஞ்சள் ஹெல்மெட் கான்ட்ராக்ட் ஆள், நீலம் என்னைப் போலப் பெர்மனென்ட். எல்லோருக்கும் மேலே, சட்டைக்கு மேல் கையில்லாத பச்சை ஜாக்கெட் போட்டவர் சூப்பர்வைசர். அவர் எதையும் தூக்கமாட்டார், ஓரமாக நிற்பார், அங்கேயும் இங்கேயும் நடப்பார், மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாகக் கிரேன் கேபினில் உட்கார்ந்துகொண்டு அந்த ஜாக்கெட்டை மேலேயிருந்து பார்த்தவன் நான். ஜனவரியில் உங்கள் கால்பந்து லீக்கின் முதல் ஆட்டத்தை யூடியூபில் போட்டோம். பதினோரு பெண்கள் சிவப்புச் சட்டையில் வெயிலில் நாக்குத் தள்ள ஓடுகிறார்கள். நீ மட்டும் ஓரமாக, சிவப்புச் சட்டைக்கு மேல் கையில்லாத பச்சை ஜாக்கெட் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு கோட்டோரமாக நடந்து போகிறாய், திரும்பி வருகிறாய், வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறாய். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, எனக்கு இன்னும் அந்த ஜாக்கெட் வரவில்லை. உனக்கு இருபது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் ஷிப்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேன்டீனில் லட்டு கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் நானே என் கையால் எழுதினேன். பாஸ்டர் இம்மானுவேல் மைக்கில் வாசித்தார், "பாக்கியராஜ் குடும்பத்தார், தங்கள் மகள் சுகிர்தா தேசிய லீக்கில் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசராக உயர்த்தப்பட்டதற்காக." சபை முழுக்க அல்லேலூயா சொன்னது. அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். இப்படியே மூன்று ஆட்டம் போயிற்று. மூன்றிலும் உனக்குப் பச்சை ஜாக்கெட், மூன்றுக்கும் நான் மில்லில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அதன் பிறகு, வியாசர்பாடியிலிருந்து தினமும் லோக்கல் டிரெயினில் வருகிற எலக்ட்ரீஷியன் சரவணகுமார் கேபினுக்கு ஏணியேறி வந்தான். அவன் ஏரியாவில் குழந்தைகள் நடப்பதற்கு முன்னால் பந்து உதைக்கும் என்பான். "அண்ணா, தப்பா எட்துக்காத. அது சூப்பர்வைசர் ஜாக்கெட் இல்லண்ணா. உள்ள எறக்காத ஆளுங்க போட்டுக்கினு குந்தினு இருக்கறது. ஆடறவங்களோட கலந்துடக் கூடாதுன்னு" என்றான். "அப்ப இவ இன்னா வேலை செய்யறா?" என்று கேட்டேன். "யாருனா உழுந்தா, இவ போவாண்ணா" என்றான். நான் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கவில்லை. சாயங்காலம் பாஸ்டரிடம் போய், காணிக்கைக் கவரில் தப்பாக எழுதிவிட்டேன், எடுத்துச் சொல்லிவிடுங்கள் என்றேன். "அல்லேலூயா சொன்ன பிறகு வாபஸ் வாங்கறது நல்லாருக்காது பாக்கியராஜ். மொதல்ல அவ ஒரு ஆட்டம் ஆடட்டும்னு ஜெபிப்போம்" என்றார். லட்டு தின்றவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. கேட்டில் செக்யூரிட்டி சுப்பராயன் இன்றைக்கும் என் பையைச் சோதித்துவிட்டு, "சூப்பர்வைசர் அப்பா, போலாம்" என்றுதான் விடுகிறார்.

இரண்டாவது காரணம் உன் அம்மாவின் ஆத்துமா. சிரிக்காதே. நீ ஆடுகிற இடத்தில் நாலாம் நம்பர் மணிப்பூர்ப் பெண் ஆடுகிறாள், அவள் வெளியே வந்தால்தான் நீ உள்ளே போக முடியும் என்று சரவணகுமார் விளக்கியதிலிருந்து அம்மாவின் ஜெபத்தில் ஒரு தடுமாற்றம் வந்துவிட்டது. ஒருநாள் என்னிடம் மெதுவாக, "இன்னாங்க, பெருசா ஒண்ணும் வேணாம். சின்னதா ஒரு சுளுக்கு. தைலம் தேச்சா ரெண்டு நாள்ல போயிடற மாரி. கேக்கலாமா?" என்றாள். எனக்குத் தெரியாது, பாஸ்டரிடம் கேள் என்றேன். பாஸ்டரிடம் கேட்க அவளுக்கு வெட்கம். ஒரு வாரம் கேட்டும் கேட்காமலும் ஜெபித்தாள் போலிருக்கிறது. அப்புறம் நீ போனில் சொன்னாய், அந்தப் பெண்ணும் நீயும் ஒரே ரூம், உனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள்தான் இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், அவள் வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று. போனை வைத்துவிட்டு அம்மா அழுதாள். "அவளுக்கும் ஒரு அம்மா இருக்கும்ல, அதுவும் போனைப் பாத்துக்கினு குந்தினு இருக்கும்ல" என்றாள். அன்றிலிருந்து அந்த நாலாம் நம்பரின் கணுக்காலுக்காகத் தனியாக ஜெபம் நடக்கிறது. இவ்வளவு உறுதியாக ஜெபித்தால் அவள் எப்படி விழுவாள், நீ எப்படி உள்ளே போவாய்? பதிமூன்று ஆட்டம் முடிந்துவிட்டது. நீ உள்ளே போனது ஒரு நிமிஷம்கூட இல்லை.

மூன்றாவது காரணம் வேலை. எங்கள் ஆபீஸில் ரம்யா மேடம் இருக்கிறார்களே, அவர்களிடம் பேசியிருக்கிறேன். டெஸ்பாட்ச் செக்ஷனில் லாரிக்குப் பில் போடுகிற கம்ப்யூட்டர் வேலை. ஏசி ரூம், நாற்காலி, காலையில் கம்பெனி பஸ். "உங்க பொண்ணுன்னா நான் இந்த மாசக் கடைசி வரைக்கும் நிறுத்தி வெக்கிறேன்" என்றார்கள். உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்றால் அதை நம் ஊரிலேயே உட்காரலாம் என்று எனக்குத் தோன்றிற்று. எழுதிய பிறகு இந்த வரி உனக்கு வலிக்கும் என்று தெரிகிறது. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது காரணத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குணசுந்தரி அக்காவை உனக்கு நினைவிருக்கும். மத்தியானம் முழுக்க நீ பக்கச் சுவரில் பந்தை அடிக்கிறாய், ஒரு பொழுது கண் மூட முடியவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் போனவள். அவள் போன வாரம் வேலிப் பக்கம் நின்று, "இன்னா பாக்கியராஜு, பொண்ணு எப்ப வருது? அந்த டொப்பு டொப்புனு சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே புடிக்கல" என்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது அந்தப் பக்கச் சுவரை மட்டும் நான் அடிக்கவில்லை. வட்டம் வட்டமாக உன் பந்தின் சேற்றுக்கறை அப்படியே இருக்கிறது. பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அரை டப்பா பாத்ரூம் பரணில் இருக்கிறது. அம்மாவும் அதைப் பார்த்திருப்பாள், இதுவரை கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் ஒருவர் குறைந்த மாதிரி இல்லை, வீடே யாருடையதோ மாதிரி இருக்கிறது. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், சுகிர்தா. இதுதான் காரணம். மேலே எழுதிய மூன்றும் பேச்சுக்கு எழுதியது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டு, ஜாக்கெட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு வந்துவிடு. கோச் ஐயாவுக்கு என் வணக்கம். அந்த மணிப்பூர்ப் பெண்ணுக்கு எங்கள் அன்பு, பொடியில் பாதியை அவளுக்குக் கொடு. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா, அம்மா.

பின்குறிப்பு:

இன்று ஞாயிறு சாயங்காலம். நேற்று கொரியர் கடை பூட்டியிருந்ததால் பெட்டி இங்கேயே இருக்கிறது. மத்தியானம் மூன்றரை மணிக்கு ஆட்டத்தைப் போட்டோம். எண்பத்து மூன்றாவது நிமிஷம் நாலாம் நம்பர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா எழுந்து நின்று, "நான் கேக்கலங்க. சத்தியமா இந்த வாரம் நான் ஒண்ணும் கேக்கல" என்று என்னிடம் கெஞ்சினாள். அதற்குள் நீ உள்ளே போய்விட்டாய்.

பந்து உன் பக்கம் எத்தனை தரம் வந்தது, நீ எத்தனை தரம் உதைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெரிய உருவம் உன்னை இடித்துத் தள்ளியது தெரியும். நீ எழுந்தாய். எழுந்து, கையை நீட்டி, உன்னைவிட ஒரு முழம் உயரமான பெண்ணைப் பார்த்து ஏதோ கத்தினாய். இந்தியோ ஒடியாவோ எனக்குப் புரியவில்லை. அவள் நீ காட்டிய இடத்தில் ஓடிப் போய் நின்றாள். இன்னொருத்தியைப் பார்த்துக் கத்தினாய், அவளும் நின்றாள். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற பெண் நீ. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நில்லு என்ற இடத்தில் நின்றவர். எனக்குக் கீழேயிருந்து ஒருவன் கை காட்டினால்தான் என் கிரேன் நகரும். நம் வீட்டில் ஒருவர் கை நீட்டி இங்கே நில் என்று சொல்லி இன்னொருவர் நின்றதை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் அணி ஒரு கோலில் தோற்றதாகப் பிறகு சரவணகுமார் போன் பண்ணிச் சொன்னான். நாங்கள் கவனிக்கவில்லை.

மேலே எழுதிய கடிதத்தை வாசிக்காதே. வாசித்திருந்தால் மறந்துவிடு. வேறு காகிதம் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. பெட்டி உன் கைக்கு வரும்போது திங்கட்கிழமை தாண்டிவிடும், அதனால் கொஞ்ச நேரத்தில் போனும் பண்ணுவேன். அம்மா பிடுங்குவதற்குள் ஒரே வார்த்தை சொல்லிவிடுகிறேன்: கையெழுத்துப் போடு. ரம்யா மேடத்திடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன், அந்த நாற்காலி வேறு யாருக்காவது ஆகட்டும்.

லீவு கொடுத்தால் வா. ஒரு மாதம் இல்லாவிட்டால் பத்து நாள், பத்து நாள் இல்லாவிட்டால் இரண்டு நாள். அதுவும் முடியாவிட்டால் பரவாயில்லை. அடுத்த சீசனில் நீங்கள் கேரளாவுக்கோ பெங்களூருக்கோ ஆட ரயிலில் போனால் நம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த வண்டி, எந்தப் பெட்டி என்று மட்டும் முன்கூட்டிச் சொல். அந்த வண்டியெல்லாம் இங்கே நிற்காது. எந்தப் பிளாட்பாரப் பக்கமாகப் போகும் என்று இப்போதுதான் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன், அன்றைக்குத்தான் தெரியும் என்றார்கள். அதனால் அம்மா ஒரு பக்கமும் நான் எதிர்ப்பக்கமும் நிற்பதாக முடிவு செய்திருக்கிறோம். நீ ஏதாவது ஒரு ஜன்னலில் உட்கார்.