சம்பந்திக்கு ஆறு சோளரொட்டி

நீர்வேலி தெற்கு,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அடைக்கலநாதன் அவர்களுக்கு, நமசிவாயம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனுசி பராசக்தியும் சுகமாயிருக்கிறோம். அங்கே குருநகரில் நீங்களும் றோஸ் அவர்களும் சுகமாயிருக்க, எங்கள் நல்லூர் முருகனும் உங்கள் மாதாவும் கலந்துபேசி அருள் செய்வார்களாக.

கையில் போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். முப்பத்துமூன்று வருடம் தபாற்கந்தோரில் இருந்த பழக்கம் ஒன்று. மற்றது, நீங்கள் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைப்பீர்கள். போனமுறை என் மூலவியாதியைப் பற்றிச் சொன்னது கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்டு, இரண்டு பேர் கைவைத்தியமும் சொன்னார்கள். இது அப்படிப் பத்துப் பேர் கேட்கிற விஷயம் இல்லை.

வருகிற மாதம் என் மகன் நிருஷனும் உங்கள் மகள் ஜெசிதாவும் ரொறன்ரோவிலிருந்து வருகிறார்கள். ஜெசிதாவின் முதற் சாப்பாடு எங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. பெற்ற தகப்பனிடம் இப்படிக் கேட்பது அநியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும், என் வாயால்தான் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

கலியாணத்தன்று தேவாலயத்துக்குள் வராமல் காருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அது ஒரு பிழை. இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் முதல்முறை வந்தபோது நடந்தது அதைவிடப் பெரிய பிழை. எங்கள் வீட்டுப் பிட்டு மெத்தென்று இருக்கும் என்று ஊரில் பெயர். அரிசிமாவோடு பாதிக்குப் பாதி அவித்த கோதுமை மா கலந்தால் யார் வீட்டுப் பிட்டும் மெத்தென்றுதான் இருக்கும். அதை அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் தரமும் அள்ளிப் போட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “நல்லாயிருக்கு மாமா” என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டது. மூன்று நாள் படுக்கை. பிறகு உங்கள் தங்கச்சி மகன் றஞ்சித் கூட்டிப்போக வந்தபோது, அவன் காதுபட, “குருநகர்ப் பிள்ளைக்கு எங்கடை சாப்பாடு பிடிக்கேல்லைப் போலை” என்று சொன்னேன். அது உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்ப ரொறன்ரோ போனபிறகுதான் டாக்குத்தர், அவளுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் ஒரு துளியும் ஆகாது என்று கண்டுபிடித்தார். சம்பந்தி, நான் சொன்னதற்கு என்னை மன்னிக்கவேண்டும். இதை லவுட்ஸ்பீக்கரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இனி ரொட்டி. அங்கே அவள் கோதுமைப் பாண் தொடுவதில்லை, டோர்ட்டியா என்கிற மெக்சிக்கோக்காரரின் சோளரொட்டிதான் காலையும் மாலையும் என்று நிருஷன் சொல்லி ஒரு வீடியோவும் அனுப்பினான். அதில் ஒரு அம்மா உருண்டையை அமத்தினா, கல்லில் போட்டா, திருப்பினா, முடிந்தது. வெறும் அரிசிமாவில் பிட்டு அவித்துக் கொடுப்போம் என்றாள் பராசக்தி. நான் விடவில்லை. எங்கள் வீட்டில் பிட்டைக் கண்டால் அந்தப் பிள்ளைக்கு வயிறு நோகமுன் மனம் நோகும். சோளரொட்டிதான், அதையும் நானே செய்வேன் என்று சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

முதல் நாள் கடையில் சோளமா என்று கேட்க, கஸ்ரட் காய்ச்சுகிற வெள்ளை மாவைத் தந்தார்கள், அதை வெந்நீரில் குழைக்க ரொட்டி வரவில்லை, பசை வந்தது, கந்தோரில் இருந்த காலமென்றால் ஒரு மாதத்துக்கு முத்திரை ஒட்டியிருக்கலாம். அடுத்தநாள் பச்சைச் சோளப்பொத்தி வாங்கித் திருவினேன், அது கஞ்சியாய் ஓடி அடுப்பை அணைத்தது. பிறகுதான் நிருஷன், அப்பா, காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, விடியும்வரை ஊறவிட்டு, தோலைக் கசக்கிக் கழுவித்தான் அரைக்கவேணும் என்றான், இதை முதலே சொல்லியிருக்கலாம், சொல்லமாட்டான், என்ரை பிள்ளை. காய்ந்த சோளம் கோழித்தீன் கடையில்தான் இருந்தது, எத்தனை கோழி நிற்குது என்று கடைக்காரர் கேட்டார், மருமகளுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை, அறுபது என்றேன், அந்த மனுசன் நம்பி இப்போது கிழமைக்கு ஒருதரம் முட்டை கேட்டு வீட்டுக்கு வருகிறார். சுண்ணாம்பு, வெற்றிலைக்குப் போடுவதுதான், அளவு தெரியாமல் ஒரு டப்பா முழுவதும் போட்டுவிட்டேன், ருசி பார்த்ததில் நாக்கு வெந்து இரண்டு நாள் கதைக்கவில்லை, அந்த இரண்டு நாளும் வீடு நல்ல அமைதி என்று பராசக்தி இன்னும் சொல்லித் திரிகிறாள். பிறகு அளவு பிடிபட்டு, அவித்த சோளத்தைக் காயவைத்து ஜெயசுதனின் மில்லுக்குக் கொண்டுபோய், கோதுமைத் தூள் துளியும் இருக்கக்கூடாது, மிசினைக் கழுவிவிட்டு அரை என்றேன். “ஐயா, எங்கடை அப்பா செத்த அண்டுகூட இந்த மிசினைக் கழுவேல்லை” என்றான். ஆகவே வீட்டுக் கிரைண்டரை மூன்றுதரம் கழுவி, முத்திரை பார்க்கிற பூதக்கண்ணாடியால் சோதித்து, ஈரச் சோளத்தையே அரைத்தேன். வீடியோ அம்மாவிடம் அமத்துகிற இரும்பு இருந்தது, என்னிடம் இரண்டு பலகை, நடுவில் உருண்டையை வைத்து மேலே நானே ஏறி இருந்தேன், எழும்பிப் பார்த்தால் வரைபடத்துத் தீவுகள்போல ஒன்று நெடுந்தீவு, ஒன்று காரைநகர், கல்லில் போட்டதும் நெடுந்தீவு மூன்றாய்ப் பிளந்தது.

இப்படிப் பதினொரு நாள். பதினோராம் நாள் மாக்கையோடு அடுப்புக்கு முன்னால் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன். எழுபது வயதில் அழுதேன் என்று எழுத வெட்கம், அதனால் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் நல்லூரான் கண் திறந்தான். என் தோள்மூட்டு நோவென்று அன்றுமுதல் குழைக்கிற வேலையை மட்டும் பராசக்தி எடுத்துக்கொண்டாள், மற்றதெல்லாம் நான். வெடிக்கவில்லை, பிளக்கவில்லை, வட்டமாய் வந்தது, மடித்தால் மடிந்தது. அன்றிலிருந்து ஒன்பது நாளாக ஒன்றுகூடப் பிழையாகவில்லை. கைப்பக்குவம் வந்துவிட்டது, சம்பந்தி.

அத்தாட்சியாக ஆறு ரொட்டி, வாழைக்குலை எடுக்க வந்திருக்கிற றஞ்சித் கையில் அனுப்புகிறேன். நீங்கள் இரண்டு, றோஸ் இரண்டு. மற்ற இரண்டையும் ஐஸ்பெட்டியில் வையுங்கள், பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும்போது உதவும். முதற் சாப்பாட்டன்று நீங்கள் இருவரும் இங்கே வரவேண்டும். கலியாணமாகி நாலு வருடத்தில் நாங்கள் நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டதில்லை, அதுவும் என்னால்தான். வெள்ளிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்திருக்கிறேன், நண்டு கொண்டு வாருங்கள். கறியை என் ரொட்டியில் சுருட்டிச் சாப்பிடுவோம்.

உங்கள் வள்ளத்துக்கு மீன்பாடு பெருகவும், றோஸ் அவர்களின் முழங்கால் நோ குறையவும், பிள்ளைகள் பத்திரமாய் வந்திறங்கவும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி,
க. நமசிவாயம்,
இளைப்பாறிய உப தபாலதிபர்.

பின்குறிப்பு: உறையில் போடமுன் பராசக்தியிடம் வாசிக்கக் கொடுத்தேன். கைப்பக்குவம் என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். கடிதத்தை மடித்துத் தந்துவிட்டுச் சொன்னாள்: “பன்னிரண்டாம் நாளிலையிருந்து நான் ரெண்டு பிடி கோதம்ப மா போட்டுத்தான் குழைச்சுத் தாறனான். நீங்கள் நிலத்திலை இருந்ததைப் பார்க்கேலாமல் கிடந்தது. பழகத்தானே செய்யிறியள், பிள்ளை வரேக்கை போடாமல் விட்டிடலாம் எண்டு நினைச்சன்.”

ஆக, என் கைப்பக்குவம் முழுவதும் கோதுமை. அதோடு நிற்கவில்லை. அலுமாரியைத் திறந்து புதுப் பானை, பிட்டு அவிக்கப் புது நீத்துப்பெட்டி, தானே வீட்டில் இடித்த அரிசிமா எல்லாம் காட்டினாள். ஒரு மாதமாக மாமியும் மருமகளும் போனில் கதைத்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஜெசிதா குரலில் அனுப்பியதையும் போட்டுக் காட்டினாள்: “மாமி, டோர்ட்டியா திண்டு திண்டு அலுத்துப்போச்சு. எனக்கு உங்கடை பிட்டுத்தான் வேணும், கோதம்ப மா போடாமல். மாமாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவர் ஆசையாப் பழகட்டும்.”

அந்தப் பிள்ளை எங்கள் பிட்டைக் கேட்கிறது, சம்பந்தி. அதைக் கேட்டபிறகு எனக்கு ஒருவரிலும் கோபம் வரவில்லை.

றஞ்சித் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான், திருப்பி எழுத நேரமில்லை. ரொட்டி பற்றிய பகுதியைத் தள்ளிவிட்டு, மன்னிப்பையும் நண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ்பெட்டிக்குச் சொன்ன இரண்டையும் சேர்த்து ஆறையும் இன்றைக்கே நீங்கள் இருவரும் சாப்பிட்டு முடியுங்கள், பிள்ளை கண்ணில் படக்கூடாது. நல்லாயில்லாவிட்டால் நல்லாயில்லை என்றே சொல்லுங்கள். வயிறு நொந்தாலும் நல்லாயிருக்கு என்று சொல்லி விழுங்குகிற பழக்கம் உங்கள் குடும்பத்தில் இருக்கிறது, எங்கள் வீட்டில் இனி அது வேண்டாம். போனிலேயே சொல்லலாம். லவுட்ஸ்பீக்கரில் என்றாலும் பரவாயில்லை.