வெள்ளைத்தாள் அண்ணன் பார்த்த கலர்

கடவுள் இந்த உலகத்துக்குப் புரோகிராம் எழுதியபோது எந்த எடிட்டரில் எழுதினார் என்று கேட்டால், வெள்ளைத்தாள் அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் நோட்பேட் என்பார். அதற்குமேல் விவாதம் கிடையாது. மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஸ்டாக், சம்பளம், ஏற்றுமதி எல்லாம் அவர் எழுதிய புரோகிராமில்தான் ஓடியது. அத்தனையும் நோட்பேடின் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து; அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

புரோகிராம் அடிக்க நாங்களெல்லாம் கலர் காட்டும் எடிட்டர் வைத்திருந்தோம். கட்டளைக்கு ஒரு கலர், எண்ணுக்கு ஒரு கலர், தப்பு செய்தால் அடியில் சிவப்புக் கோடு. யாருடைய எடிட்டர் உசத்தி என்று டிபன் பாக்ஸைத் திறக்க மறந்து சண்டை போட்டிருக்கிறோம். அண்ணன் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி தீர்ப்புச் சொல்வார். "கலர் போட்டா தப்பு போய்டுமாம்மா? தப்பு அழகாத் தெரியும், அவ்ளோதான்."

எழுதியதை அச்செடுத்து, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்து முணுமுணுத்து வாசிப்பார். பக்கத்து சீட் தையல் செக்‌ஷன் அக்கா அதை ஜெபம் என்றே நம்பி, அவர் தாளை மடிக்கும்போது மெதுவாக ஆமென் சொல்வார். அண்ணனும் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்.

ஒருநாள் அண்ணனுக்கு ஒரு காலில் பிரவுன் ஷூ, மறு காலில் பச்சை. ரிஜெக்ட் ஆன குவியலில் எடுத்தது. எங்கள் பக்கத்தில் ரிஜெக்ட் ஷூ போடாத ஆளே இல்லை. ஆனால் ஜோடி பார்த்துப் போடுவார்கள். இன்னாண்ணா புது ஃபேஷனா என்று கேட்டேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சைஸ் ஒண்ணுதானே என்று வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆள் அப்படி என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்புறம் சென்னையிலிருந்து புது மானேஜர் வந்தார். ஆளுக்கொரு எடிட்டர் என்பது அவருக்கு ஆகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து எல்லோருக்கும் ஒரே எடிட்டர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். நோட்பேட்தான் வேண்டும் என்கிறவர் வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் சரி என்று தலையாட்டினார். அவர் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான், மகள் வேறு காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை எடிட்டரைப் பழக்கிக்கொடுக்க அவரை என் நாற்காலியில் உட்காரவைத்தேன். என் புரோகிராமில் பழைய வரி சிவப்பில், மாற்றி எழுதிய வரி பச்சையில். சிவப்பை மட்டும் அழிங்கண்ணா என்றேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பின்னால் சாய்ந்தார், பச்சையை அழித்தார். சிரிக்கப் போனவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுதாம்மா," என்றார். "மின்ன டேனரில தோலோட கலர் ஷேடு பாக்கற வேலைல இருந்தேன். ஒரு லாட்டுத் தோலு கலர் மாறிப்போச்சு. குருடனுக்கு இன்னாத்துக்கு இந்த வேலைன்னு எல்லார் மின்னாடியும் அனுப்பிட்டாங்க. அதான் கலரே இல்லாத வேலையாப் பாத்து வந்தேன். இங்கியும் தெரிஞ்சா அனுப்பிடுவாங்கம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை காலம் எங்கள் எடிட்டரைத் திட்டித் தீர்த்த மனிதர் அதன் செட்டிங்ஸைத் திறந்தே பார்த்ததில்லை! அவரைப் போன்றவர்களுக்கென்றே அதில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சிவப்பு ஆரஞ்சாகும், பச்சை நீலமாகும். மாற்றிக் காட்டினேன். அண்ணன் திரையில் ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டார்.

"இது வேற," என்றார். "இது வேற."

அவர் கம்ப்யூட்டரில் மட்டும் மாற்றினால் போதாது. மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தும் அவர் பார்த்தாக வேண்டும். விஷயம் வெளியே போகவும் கூடாது. திங்கட்கிழமை காலையில், ஆரஞ்சும் நீலமும்தான் கண்ணுக்கு நல்லதாம், டாக்டர் சொன்னார் என்று செக்‌ஷனில் சொல்லிவைத்தேன். எந்த டாக்டர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற வேலூர்ப் பக்கத்தில் டாக்டர் சொன்னார் என்றால் மேற்கொண்டு பேச்சே கிடையாது. கண்ணாடி போட்ட மானேஜர்தான் முதல் ஆளாக மாற்றிக்கொண்டார். சாயந்திரத்துக்குள் எல்லாத் திரையும் மாறிவிட்டது. அண்ணன் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் உட்கார்ந்து சரிபார்த்தார். அவர் பிடித்த முதல் தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து பஸ் ஏறியதும் இரண்டு காலையும் என் பக்கம் நீட்டுவார். ஜோடி சரி என்றால் தலையாட்டுவேன்.

நான் இப்போது வேலூரில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். அண்ணன் அங்கேயேதான். ஷூவை இப்போது ஆமென் அக்கா பார்த்துச் சொல்கிறாராம், காரணம் தெரியாமலே. என் ஆபீஸில் புதிதாகச் சேர்கிறவர்கள், கண் நன்றாகத் தெரிகிற உங்களுக்கு எதற்கு இந்த ஆரஞ்சும் நீலமும் என்று கேட்கிறார்கள். என்றைக்காவது அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால், அவருக்கும் தெரிய வேண்டாமா?