எரியுது சார்!

"பஸ்ஸுக்குப் பின்னாடி இந்த நம்பரைப் பார்த்தேன். லைட் கம்பெனிதானே? உங்க லைட் எரியுதுங்க" என்றது போனில் ஒரு பெண் குரல்.

புகார் சார் ஒரு கணம் திகைத்துப் போனார். எரியவில்லை, மினுக்குகிறது, பாதிதான் எரிகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பதினான்கு வருடங்களாகக் கேட்டுக் கேட்டு அவர் காது புளித்திருந்தது. எரிகிறது என்று சொல்வதற்காக ஒருவர் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

"ரொம்ப சந்தோஷம் மேடம்! எரியறதுக்குத்தானே செய்யறோம்!"

"அதில்லை சார், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"புரியுது மேடம், நல்லாவே புரியுது. உங்க பாராட்டுக்குக் கம்பெனி சார்பா நன்றி. அட்ரஸ் மட்டும் சொல்லுங்க."

அட்ரஸ் வந்ததும் போனை வைத்துவிட்டார். யாரையும் பேசி முடிக்க விடும் வழக்கம் அவரிடம் கிடையாது. வாடிக்கையாளர் வாயைத் திறக்கும்போதே பதிலைச் சொல்லிவிடுவார். அதுதான் வேகமான சேவை என்பது அவர் கட்சி.

அவருடைய சொந்தப் பெயர் அவரது அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஆபீசில் புகார் சார். மனைவி வழிச் சொந்தத்தில் புகார் மாமா. தகரக் கொட்டகையில் ஒரே ஒரு மாடல் டியூப்லைட்டோடு கம்பெனி தொடங்கிய காலத்தில் சேர்ந்தவர். இப்போது ஐந்து மாடி, லிப்ட், ஊரில் ஓடுகிற எல்லா பஸ்ஸின் முதுகிலும் விளம்பரம். மாடல்கள் நானூறைத் தாண்டிவிட்டன. சரியாக எத்தனை என்று கேட்டால் முதலாளியே பேந்தப் பேந்த விழிப்பார். இவ்வளவு வளர்ச்சியிலும் புகார் சாரின் மேசை மட்டும் லிப்டுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் அப்படியே இருந்தது.

அதற்கும் விடிவுகாலம் வந்திருந்தது. "இந்த மாசம் வர்ற எல்லாப் புகாரையும் ஒரு மணி நேரத்துக்குள்ள தீர்த்து, கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கிடு. ஒண்ணுகூடத் தவறலேன்னா நீதான்யா சர்வீஸ் மேனேஜர். தனி ரூம், கதவோட" என்று முதலாளி சொல்லியிருந்தார். இருபத்தொன்பது நாட்கள் தவறவில்லை. இன்று கடைசி நாள். மனைவி அதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மச்சினன் பிள்ளைகள் 'மேனேஜர் மாமா' என்று கூப்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். இனி பழையபடி புகார் மாமாவாக அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

விஷயத்தை முதலாளியிடம் போய்ச் சொன்னார்.

"எரியுதுன்னு சொல்லவா போன் பண்ணாங்க?" முதலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆமா சார். குரல்லயே ஒரு உணர்ச்சி."

"ஒரு பூங்கொத்து வாங்கு. போட்டோகிராபரைக் கூப்பிடு. அந்தம்மாவை நானே நேர்ல பார்த்து நன்றி சொல்றேன். அடுத்த விளம்பரம் அவங்கதான்!"

முதலாளி தலையைச் சீவிக்கொண்டு கிளம்பிப் போன கால் மணி நேரத்தில் மறுபடி போன் அடித்தது.

"சார், நான்தான். எரியுதுன்னு சொன்னேனே..."

"எரியட்டும் மேடம், இன்னும் அஞ்சு வருஷம் எரியும்!"

"அஞ்சு வருஷமா! விளையாடறீங்களா? எரியுது சார்! வீடு நிறையப் பிள்ளைங்க வேற இருக்காங்க. யாராவது வந்து அணைங்க சார்!"

புகார் சார் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். எரிகிறது என்றால் இந்த எரிகிறதா!

"மேடம், பிள்ளைங்களைக் கூட்டிட்டு உடனே வெளிய ஓடுங்க!"

"ஏன் சார்? வெடிக்குமா?"

"பேச நேரமில்ல! மாடி வீடு, கீழ் வீடு எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க!"

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. எரிகிற வீட்டின் முன்னால் பூங்கொத்தும் புன்னகையுமாக முதலாளி நிற்கும் படம் நாளைய பேப்பரில் வருவதை நினைத்துப் பார்த்தார். யோசனையைக் கைவிட்டு, லிப்ட் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். வேன் பக்கம் நின்றிருந்த மெக்கானிக்கையும் இழுத்துக்கொண்டார். எங்கே போனாலும் ஏணியோடு போவதால் அவனுக்கு ஏணி என்றே பெயர்.

"எந்த மாடல் சார்?" என்றான் ஏணி, வண்டியைக் கிளப்பியபடி.

"எரியற மாடல்! ஓட்டுடா!"

வழியெல்லாம் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளி எடுக்கவில்லை.

அந்த நான்கு மாடிக் கட்டடமே தெருவில் நின்றது. ஒருவர் பாதி முகத்தில் சவர நுரையோடு இருந்தார். ஒரு அம்மாள் இறக்கிய குக்கரை இடுப்பில் வைத்திருந்தாள். நடுவில், போன் செய்த டியூஷன் டீச்சர், சுற்றிலும் கணக்கு நோட்டோடு பத்துப் பிள்ளைகள். பாதிக் கணக்கில் விட்டுவிட்டு ஓடிவந்ததில் அவர்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார் முதலாளி.

"ஒரு லைட்டுக்கு இவ்வளவு வரவேற்பா! எல்லாரையும் எடுய்யா" என்றார் போட்டோகிராபரிடம்.

புகார் சார் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு படியேறினார். பின்னால் ஏணியும் அவன் ஏணியும். மூன்றாவது மாடியில் கதவு திறந்திருந்தது. ஹாலில், உட்கூரையில் வட்டமாக, வெள்ளை வெளேரென்று விளக்கு ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

"சார், புகையே காணோமே" என்றான் ஏணி.

"உள்ளுக்குள்ள எரியும்டா, வெளிய தெரியாது!"

சிலிண்டரின் ஊசியைப் பிடுங்கிக் கைப்பிடியை அழுத்தினார். ஹால் முழுக்கப் பவுடர் பறந்தது. எங்கோ மேலே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டு விளக்கு அணைந்தது. பவுடர் அடங்கியபோது வாசலில் உச்சந்தலை முதல் ஷூ வரை வெள்ளையாக ஓர் உருவம் தும்மியது. கையில் பூங்கொத்து இருந்ததால்தான் அது முதலாளி என்று தெரிந்தது.

"பாராட்டு வந்த லைட் எங்கய்யா?"

புகார் சார் விரலை மேலே காட்டினார்.

"அதை என்ன பண்ணே?"

"அணைச்சுட்டேன் சார்."

அந்தத் தனி ரூமின் கதவு முகத்துக்கு நேராகச் சாத்தப்படுவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பதினான்கு வருட உழைப்பை ஒரே அழுத்தில் தானே பவுடராக்கிவிட்டார். மனைவியிடம் எப்படிச் சொல்வது? மச்சினன் முகத்தில் எப்படி விழிப்பது?

டீச்சர் மூச்சு வாங்க உள்ளே வந்தாள், பின்னாலேயே பிள்ளைகளும் குக்கர் அம்மாளும். தரையைப் பார்த்தாள். சோபாவைப் பார்த்தாள். அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள்.

"அணைஞ்சுடுச்சா?"

"மன்னிச்சிடுங்க மேடம்..."

"மன்னிப்பா? நீங்க நல்லா இருக்கணும் சார்! மூணு நாளா ரிமோட் வேலை செய்யல. ரிமோட் லைட்டுக்குச் சுவிட்ச் எதுக்குன்னு மாட்ட வந்தவங்க சுவத்துல சுவிட்சே வைக்காமப் போயிட்டாங்க. மெயினை நிறுத்தினா ஃப்ரிட்ஜும் ஃபேனும் சேர்ந்து நின்னுடுது. ராப்பகலா எரிஞ்சு தூக்கமே போச்சு. அணைக்க முடியலன்னு சொல்லத்தானே போன் பண்ணேன். நீங்கதான் சொல்லவே விடல!"

புகார் சார் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் போன் வந்து ஐம்பத்திரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. சட்டென்று படிவத்தை நீட்டினார். 'புகார் தீர்ந்தது' என்ற இடத்தில் டீச்சர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள்.

முதலாளியின் முகத்தில் பவுடரை மீறிக்கொண்டு வெளிச்சம் வந்தது.

"மூணு நாள் நிக்காம எரிஞ்சிருக்கு! பவுடர் அடிச்சாத்தான் அணையுது! பார்த்தியா, இதுதான்யா நம்ம தரம்!"

"ஆமா சார்."

"இந்த மாடலுக்கு நானே உட்கார்ந்து டிசைன் போட்டுக் கொடுத்தது இப்பவும் ஞாபகம் இருக்கு. ஏணியைப் போடு. லைட்டோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன். நாளையிலேர்ந்து நீதான் மேனேஜர், போ!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். குக்கர் அம்மாளும் எதற்கென்று தெரியாமலே தட்டினாள். புகார் சார் மூலையில் ஒதுங்கி மனைவிக்குப் போன் செய்து, "கிடைச்சுடுச்சும்மா, கிடைச்சுடுச்சு!" என்று சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. பவுடர் உறுத்தல் என்று ஏணியிடம் சமாளித்தார்.

முதலாளி ஏணியின் உச்சிப் படியில் ஏறி, ஒரு கையால் விளக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பூங்கொத்தோடு சிரித்தார். அந்த நேரத்தில், காலையிலேயே வெளியே போயிருந்த டீச்சரின் கணவர், விளக்கு வந்த பழைய அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி, வியர்த்து வழிய வந்து சேர்ந்தார்.

"இந்த லைட்டைச் செஞ்ச கம்பெனியைத் தேடிப் பிடிச்சு நேர்லயே போனா, அதை இழுத்து மூடி ஆறு மாசம் ஆச்சாம்... ஆமா, ஏணி மேல நிக்கறாரே, அவர் யாரு?"