மலரின் இடது காதுக்கு நானே பொறுப்பு

சபையில் நடுநாயகமாக உட்கார எனக்கு ஆசை உண்டு. இதைச் சொல்லிக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தை எல்லாம் ஒரே நாளில் மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

என்னைப் போன்ற ஒரு சாதாரண மனிதனுக்கு ஊர் முன்னால் ராஜா மாதிரி உட்காரும் வாய்ப்பு வாழ்க்கையில் இரண்டு முறைதான் வருகிறது. ஒன்று கல்யாணத்தன்று. அன்று எல்லோரும் பெண்ணைத்தான் பார்ப்பார்கள், நம்மை வீடியோக்காரர்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. இன்னொன்று, அக்கா குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக மணையில் உட்காருவது. கழுத்தில் மாலை, மடியில் குழந்தை. நாம் செய்ய வேண்டிய வேலை என்று எதுவும் கிடையாது, உட்கார்ந்தால் போதும். அந்த வேலையைக்கூட நான் எப்படிக் கெடுத்தேன் என்பதுதான் கதை.

என் அக்கா கோமதி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கங்கா, ஸ்டேஷனுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். தினமும் அந்த ஆட்டோவில் வேலைக்குப் போய்வந்த அக்கா, ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இனி என் வாழ்க்கை கங்காவோடுதான் என்று சொன்னாள். எங்களுடையது ஆரம்பாக்கத்தில் இரண்டு ஏக்கர் நெல் வயலும், அதைவிட அதிகமாக வீம்பும் உள்ள குடும்பம். வீம்பில் பெரும்பங்கு என்னுடையது.

"ஊரு இன்னா பேசும், யோசிச்சியா?" என்று கத்தினேன்.

"இப்ப நீ பேசற மாதிரி தான் பேசும்" என்றாள் அக்கா. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்து வருஷம் நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இத்தனைக்கும் நான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து அவர்கள் வீடு நடக்கிற தூரம். (டீ குடிக்கப் போவதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.) இதற்கு நடுவில் அவர்கள் மலரைத் தத்தெடுத்தார்கள். சட்டத்துக்கு ஒரு அம்மாவைத்தான் தெரியும் என்பதால் தாள்களில் அக்காவின் பெயர் மட்டும் ஏறியது. வீட்டில் மலருக்கு இரண்டு அம்மா. கோமதிம்மா, கங்காம்மா.

திருத்தணியில் குழந்தைக்கு முதல் மொட்டை போட்ட போட்டோவை அம்மாவின் போனில் தற்செயலாகப் பார்த்தேன். மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை, மாமன் இல்லாததால் கங்கா மடியில் உட்கார்ந்திருந்தது. அன்று கம்பெனி பாத்ரூமில் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை கழுவ வேண்டியிருந்தது.

அதனால் மலருக்கு மூன்று வயதானபோது அக்கா போன் செய்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"டேய் ஏழுமல, புள்ளைக்குக் காது குத்தறோம். மாமன் மடி வேணும். வருவியா?"

"வரேன்க்கா" என்றேன்.

நான் வந்து உட்கார்ந்தால் போதும் என்று அக்கா நினைத்தாள். ஐந்து வருஷத் தப்பை ஒரே காலையில் சரிக்கட்டிவிட வேண்டும் என்று நான் நினைத்தேன். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

பதினொரு தட்டுச் சீர் ஏற்பாடு செய்தேன். பழம், பட்டுப்பாவாடை, வளையல், கம்மல், இனிப்பு. ஒரு மேளம் செட் பிடித்தேன். மீசையை முறுக்குவதற்காக மூன்று வாரம் வளர்த்தேன். (முறுக்கும் அளவுக்கு வரவில்லை. தடவும் அளவுக்கு வந்தது.) எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் அடித்தேன். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். 'தங்கத்தை மடியில் தாங்கும் சிங்கமே!' என்று மேலே எழுத்து. காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தையின் போட்டோ கீழ் மூலையில், என் செருப்புக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில் இருந்தது. அதில் ஏதாவது தப்பு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, குட்டியானை வண்டியில் சீர்த்தட்டுகளும் அம்மாவும் நானுமாகப் போய் அவர்கள் தெருமுனையில் இறங்கினோம். பேனர் கட்ட முந்தின நாளே ஆள் அனுப்பியிருந்தேன். கட்டியிருந்தார்கள். ஆனால் எதிர்ப்பக்கம் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. படகின் முனையில் ஒரு காலை வைத்துக்கொண்டு மாமிச மலை மாதிரி ஒருவர். 'கடல் தந்த மாமன் தேசப்பன்!' அவரும் கூலிங் கிளாஸ்தான்.

"யாரும்மா இது?" என்றேன்.

"கங்காவோட தம்பி" என்றாள் அம்மா. கங்காவுக்குத் தம்பி இருப்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள், பந்தலிலிருந்து மலர் "ஆயா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அம்மா காலைக் கட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்கு என்று கிளம்பிப் போன என் தாய் எந்தக் கோயிலுக்குப் போனாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரசாதம் என்று அவள் கொண்டுவந்து தந்த சுண்டலை வருஷக்கணக்கில் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றிருக்கிறேன். அது கங்கா கைச் சுண்டல்.

அதை ஜீரணிக்கும் முன்பே தெருவின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு மேளச் சத்தம். பதிமூன்று தட்டுச் சீரும், விருந்துக்கு ஒரு கூடை நண்டுமாகத் தேசப்பன் வந்துகொண்டிருந்தார். இரண்டு ஊர்வலமும் பந்தல் வாசலில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

"இன்னாபா, எங்க ஊட்டுப் புள்ளைக்கு நீ இன்னாத்துக்கு மாலைய மாட்டிகினு வந்துகிற?" என்றார் தேசப்பன்.

"நான் தாய்மாமன்."

"அப்போ நான் யாரு? பந்தல் போட வந்தவனா?"

இதற்குள் எங்கள் மேளக்காரரும் அவர்கள் மேளக்காரரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். இருவரும் சகலைகளாம். குசலம் விசாரித்துவிட்டு, இரண்டு செட்டும் சேர்ந்து ஒரே பாட்டை அடிக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் சண்டைக்கு அது பின்னணி இசையானது.

காது குத்த வந்திருந்த பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் குந்துங்கப்பா. பொன்னேரியில இன்னும் ரெண்டு காது கீது எனக்கு."

நான் பாய்ந்து போய் மணையில் உட்கார்ந்தேன். ராஜா மாதிரி உட்காரத் திட்டமிட்டிருந்தவன், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுகிறவன் மாதிரி உட்கார்ந்தேன். தேசப்பனும் விடவில்லை. மீதியிருந்த அரை அடியில் அவரும் உட்கார்ந்தார். அது ஒரு ஆள் மணை. அவரோ வலை இழுத்து வளர்ந்த உடம்பு. இடுப்பால் ஒரு இடி கொடுத்தார், நான் பாதி மண்ணுக்குப் போனேன். தோளால் திருப்பி இடித்தேன். (அவருக்கு அது தெரிந்ததா என்பதே சந்தேகம்.) தெரு ஜனம் மொத்தமும் பந்தலுக்குள் வந்துவிட்டது. மாடியிலிருந்து ஒருவர் போனில் படம் எடுத்தார்.

"எழுந்துரு நைனா, பேஜாரு பண்ணாத" என்றார் தேசப்பன். "எங்க அக்கா தான் இந்தப் புள்ளைய தூக்கி வளக்குது."

நான் அப்போதுதான் அதைச் சொன்னேன். தோற்றுக்கொண்டிருக்கிறவன் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான் அல்லவா, அப்படி.

"சும்மா பேசாத. பேப்பர்ல எங்க அக்கா பேரு மட்டும் தான் கீது. சட்டப்படி அவ தான் அம்மா. அதனால நான் மட்டும் தான் மாமன்."

மேளம் சரியாக அந்த நேரம் பார்த்து நின்றது. நான் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.

கங்கா பந்தல் காலோரம் மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மெதுவாகக் குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டினார். மலர் வரவில்லை. இரண்டு கையாலும் கங்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அந்த நீட்டிய கைகளைப் பார்த்தபோது, ஐந்து வருஷமாகச் செய்த தப்பெல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு வரி அளவுக்கு இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. எழுந்து ஓடிப்போய் ரயிலேறிவிடலாமா என்று இருந்தது.

அக்கா குழந்தையை வாங்கவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"டேய், பேப்பரா அதுக்கு சோறு ஊட்டுது? காச்சல்ல கொதிக்கும்போது பேப்பரா அத்த ஆட்டோவுல போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சி? இந்த மணையில குந்த யாருமே வரமாட்டீங்கன்னு பயந்துகினு இருந்தோம்டா நாங்க. ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் வரட்டும்னு தான் கங்கா அவ தம்பிகிட்ட சொன்னா, நான் உன்கிட்ட சொன்னேன். ரெண்டு பேரும் வந்து நிப்பீங்கன்னு எங்களுக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

கோபமாக ஆரம்பித்தவளுக்குக் கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது.

தேசப்பன் மணையிலிருந்து எழுந்தார். மாலையைக் கழற்றினார். "நீயே குந்துப்பா. நானும் தான் அஞ்சு வருசமா எட்டிப் பாக்கல. எனக்கு மட்டும் இன்னா யோக்கியத கீது?"

நானும் எழுந்தேன். "இல்ல, நீங்க குந்துங்க."

"அட, நீ குந்து."

உட்காருவதற்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது உட்காராமல் இருப்பதற்கு அடித்துக்கொண்டோம். பத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் கங்காவின் எதிரில் போய் நின்றேன். அதுவரை அவரை நான் எந்த உறவும் சொல்லி அழைத்ததில்லை. வீட்டில் பேச்சு வந்தால்கூட 'அந்த ஆட்டோக்காரி' என்பதுதான் வழக்கம்.

"அக்கா, தப்பு தான். மன்னிச்சிடுக்கா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மன்னிப்பு அப்பறம் கேளு. மொதல்ல உன் வேட்டி அவுந்துகினு கீது, அத்தப் புடி."

உண்மைதான். மணைச் சண்டையில் இடுப்பு முடிச்சு தளர்ந்திருந்தது. பந்தலே சிரித்தது. தேசப்பன்தான் முதலில் சிரித்தார். மலர் எதற்கென்று தெரியாமல் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"ரெண்டு அம்மா இருக்கற புள்ளைக்கு ரெண்டு மாமன் தானே?" என்றார் கங்கா அக்கா. "காதும் ரெண்டு கீது. ஆளுக்கு ஒரு தொடை குடுங்க, போதும்."

இன்னொரு மணை வந்தது. வலப்பக்கம் தேசப்பன், இடப்பக்கம் நான். அவர் தொடை தேக்கு மரம். என்னுடையது முருங்கை. நடுவில் மலர். பத்தர் இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. அதை நான் இப்போதும் அழுத்திச் சொல்வேன், புள்ளிகள் சரியாகத்தான் இருந்தன.

வலது காது குத்தியாயிற்று. மலர் வீறிட்டாள், தேசப்பனின் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். அவருக்கும் கண்ணீர். (மீசைக்காகவா பாசத்துக்காகவா என்று அவர் இன்னும் சொல்லவில்லை.) அப்போது குழந்தையின் காதில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தேன். கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி பெற்றவன் நான், சான்றிதழ்கூட இருக்கிறது. பந்தலின் சீலைப் பூக்கள் சுற்ற ஆரம்பித்தன. பத்தர் இடது காதுக்குக் குனிந்தார். கம்பி காதைத் தொடவும், என் கால் தொய்யவும் சரியாக இருந்தது. மலர் என் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்தாள். நான் அப்படியே தேசப்பனின் தோளில் விழுந்தேன்.

தங்கத்தை மடியில் தாங்கும் சிங்கத்தின் முகத்தில் கங்கா அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அடித்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. மலர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா செத்துட்டாரா?" என்று கேட்டாள். அவள் என்னை மாமா என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று நண்டு சாப்பிட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தேசப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொடுத்தார்.

இப்போது மலருக்கு ஏழு வயது. நாங்கள் மூச்சுக்கு மூச்சு சண்டை போட்டுக்கொள்ளும் சாதாரணக் குடும்பமாகிவிட்டோம். பொங்கலுக்கு மலருக்கு இரண்டு மாமன் வீட்டுத் துணி வரும், அவள் இரண்டையும் குறை சொல்வாள். என் பேனரை மட்டும் கங்கா அக்கா தூக்கிப் போடவில்லை. நல்ல கெட்டித் துணி என்று ஆட்டோவுக்கு மழைத் திரையாகக் கட்டிவிட்டார். இரண்டு மழைக்காலம் என் கூலிங் கிளாஸ் முகம் கும்மிடிப்பூண்டி முழுக்கச் சுற்றியது. கம்பெனியில் என்னைச் சிங்கம் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள்.

மலரின் இடது காது ஓட்டை, வலது காதைவிட ஒரு நெல்மணி அளவு மேலே இருக்கிறது. வீட்டில் வலது பக்கத்துக்குப் பழவேற்காட்டுக் காது என்று பெயர், இடது பக்கத்துக்கு ஆரம்பாக்கத்துக் காது. ஜிமிக்கி போட்டால் பளிச்சென்று தெரியும்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க வந்தவர், மலர் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பதாக நினைத்து மூன்று தடவை சரி செய்திருக்கிறார். நாலாவது தடவை, "பாப்பா, தலைய நேரா வெச்சிக்க" என்று அலுத்துக்கொண்டாராம்.

"தல நேரா தான் அங்கிள் கீது" என்றாளாம் மலர். "மாமனுங்க தான் கோணல்."