ஈரத் துண்டும் ரயில் உத்தியோகமும்

ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட வேண்டும் என்பதற்காகத்தான் நான் ரயில் கண்டக்டர் வேலைக்கு மனுப் போட்டேன். சிரிக்காதீர்கள். கல்யாணமானவர்கள் சிரிக்க மாட்டார்கள், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் குளித்துவிட்டு வந்தவன் துண்டைக் கொல்லைக் கொடியில்தான் போட வேண்டும். நான்கு முனையும் இழுத்து, சுருக்கமில்லாமல். வீட்டுச் சட்டங்களில் இது ஒன்று. மற்றவற்றை எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது. ஒருமுறை என் மனைவி தன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது துணிந்து கட்டில்மேல் போட்டேன். மத்தியானமே எடுத்தும் விட்டேன். மாலையில் வந்தவள் செருப்பைக் கழற்றினாள், பையை வைத்தாள், நேரே போய் மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதாக இல்லை.

அன்றே முடிவு செய்தேன். அவள் கை எட்டாத இடத்தில் எனக்கு ஒரு கட்டில் வேண்டும்.

நான் கிடங்குக் கணக்கு பார்த்த அட்டைப்பெட்டி ஆலை மூடிக் கிடந்த சமயம். பேப்பரில் விளம்பரம் வந்தது. ரயிலில் டிக்கெட் பார்க்க வேண்டும், கதவு பார்க்க வேண்டும், விசில் ஊத வேண்டும். ஒருநாள் போய்க் கடைசி ஸ்டேஷனில் தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். தங்குவதற்கு ஸ்டேஷன் மாடியில் ஓய்வறை. கட்டில் வசதி உண்டு. வேறு எதையும் நான் படிக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அந்தக் கடைசி ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் மாமியார் வீடு. தனியாக இருக்கிறார். குழாய் ஒழுகுகிறது, ஓடு நகர்ந்திருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மனைவி வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறாள். அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே எனக்கு முழங்கால் வலி வந்துவிடும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைப் பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"அண்ணே, ஓய்வறையை விட்டு ஊழியர் வெளியே போகக் கூடாதுன்னு ரயில்ல ஒரு விதி இருக்கு."

"அப்படியா தம்பி?"

"இல்ல. இருக்குன்னு வீட்ல சொல்லப் போறேன்."

வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கத்தரிக்கோல்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். வாக்குத் தவறாத மனிதர். தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்கைந்து நாள் கழித்து மனைவியிடம் பேச்சை எடுத்தேன்.

"ராத்திரி அங்கயே தங்கணும். ஸ்டேஷன் மாடியில."

"பின்னாடிதானே அம்மா வீடு இருக்கு?"

"வெளிய கால் வைக்கக் கூடாது. வச்சா வேலை போயிடும். விதி."

"விதின்னா என்ன பண்றது" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன். போதாக்குறைக்கு, நேர்முகத் தேர்வுக்கு முந்தின வாரம் அம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போய் வந்தாள். அந்த முறை நான் துண்டைக் கட்டில் பக்கமே கொண்டுபோகவில்லை. அவ்வளவு நம்பிக்கை எனக்கு என் எதிர்காலத்தின்மேல்.

திரும்பி வந்ததும் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். அடுப்படி ஸ்டூலில் டிக்கெட் இல்லாத பயணியாக உட்கார்ந்து என்னைத் திட்டினாள். புதிதாக ஒரு வார்த்தைகூடத் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் சொன்னாள்:

"அந்த ஊர்ல உங்களுக்கு யார் இருக்கான்னு கேப்பாங்க. மாமியார் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னாடியே இருக்கு, பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்குவாங்கன்னு சொல்லுங்க."

"அதை எதுக்குச் சொல்லணும்?"

"குடும்பஸ்தன்னு தெரிய வேணாமா? யாருமில்லாத ஆளை நம்பி யாருங்க விசிலைக் குடுப்பாங்க?"

நியாயமாகத்தான் பட்டது.

தேர்வில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட அம்மாள். டிக்கெட் இல்லாத ஒருவர் உங்களைக் கண்டபடி பேசினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"அவங்க முடிக்கிற வரைக்கும் நிப்பேன்" என்றேன்.

"முடிக்கவே இல்லைன்னா?"

"நிப்பேன் மேடம்."

"கோபம் வராதா?"

"முன்னெல்லாம் வந்துகிட்டிருந்தது."

ஓரத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் மட்டும் அசையவில்லை. கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா?

மனப்பாடமாக ஒப்பித்தேன். மாமியார் வீடு, ஸ்டேஷனுக்குப் பின்னால், பெற்ற பிள்ளை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் மலர்ச்சி. "இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார். என் பொறுமைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. முதல் நாள் சட்டைப் பித்தான்கள் மின்ன நடைமேடையில் நின்று விசில் ஊதினேன். ஒரு முழு ரயில் நகர்ந்தது. வீட்டில் என் சொல்லுக்கு ஒரு நாற்காலி நகர்ந்ததில்லை. வழியெல்லாம் டிக்கெட் கேட்டேன்; கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு குழந்தை எனக்கு சல்யூட் அடித்தது. உலகத்தில் இவ்வளவு மரியாதை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சாயங்காலம் கடைசி ஸ்டேஷன். பையில் துண்டோடு மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினேன். ஓய்வறை வாசலில் காவலாளி மறித்தார்.

"உங்களுக்கு இங்க கட்டில் இல்லையே சார். சொந்தக்காரங்க வீட்ல தங்குற ஆளுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இருக்கிற ஆளுங்களுக்கே கட்டில் பத்தாம திண்டாடிக்கிட்டிருந்தோம். நல்ல வேளை, நீங்க கிடைச்சீங்க."

"வெளிய போகக் கூடாதுன்னு விதி…" என்று ஆரம்பித்தேன்.

"அப்படி ஒரு விதியும் இல்ல சார். தாராளமா போங்க."

படிக்குக் கீழே குடையை ஊன்றிக்கொண்டு மாமியார் நின்றிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. முழங்கால் எப்படி இருக்கு?"

மாடிப்படியில் நான் தாவி ஏறியதை அவர் பார்த்திருந்தார். எனவே குழாயைச் சரிசெய்தேன். ஏணி வைத்து ஏறி, நகர்ந்திருந்த ஓடுகளையும் சரிசெய்தேன். வெந்நீர் தயாராக இருந்தது, குளித்தேன். எனக்கென்று ஒதுக்கிய அறையில், வெள்ளை விரிப்பு போட்டு, ஒரு கட்டில். மனைவியின் கை எட்டாத கட்டில். சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. துண்டை மெல்ல உயர்த்தினேன்.

"துண்டை இங்க போடுங்க மாப்பிள்ளை" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. "உங்களுக்குன்னே தனிக் கொடி கட்டியிருக்கு."

போய்ப் பார்த்தேன். புது நீல நைலான் கயிறு. இரண்டு பக்கமும் எனக்கு நன்றாகத் தெரிந்த முடிச்சு.

"இதை எப்ப கட்டினீங்க அத்தை?"

"நான் எங்க கட்டினேன்? அவதான் வந்து கட்டிட்டுப் போனா. உங்க தேர்வுக்கு முந்தின வாரம்."

நான்கு முனையும் இழுத்து, சுருக்கமில்லாமல் போட்டேன்.